தாம் அளந்த மண்ணில் கர்னல் லைட்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள லைட் சதுக்கம், அந்நகரை வடிவமைத்த கர்னல் வில்லியம் லைட்டின் பெயரை மட்டுமன்றி அவர்தம் உடலையும் தாங்கி நிற்பதாகும்.

பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மைந்தராக 1786-இல் பிறந்த இவர், ஸ்பெயினில் நெப்போலியன் படைகளை எதிர்த்து வெலிங்டன் தலைமையில் போரிட்டவர். 1836-இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராக வந்தார். நகரம் துறைமுகத்தை ஒட்டி அமைய வேண்டுமென ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் வற்புறுத்தினார். லைட்டோ நன்னீர் ஓடும் டாரன்ஸ் ஆற்றங்கரையைத் தேர்ந்தார். அது கௌர்னா பழங்குடியினரின் மண். 1837-இல் இரண்டே மாதங்களில் 1,042 மனைகளை அளந்து, இடையிடையே ஆறு சதுக்கங்களையும் வகுத்தார். அவற்றுள் ஒன்று அவர் பெயரையும், மற்றொன்று எதிர்த்த ஆளுநரின் பெயரையும் பெற்றன.

ஆயினும் பழிச்சொல் ஓயவில்லை. துல்லியம் குறைந்த அவசர அளவைக்கு உடன்படாது 1838-இல் பதவி துறந்தார். 1839 சனவரியில் குடிசை தீப்பற்ற, நாட்குறிப்புகளுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் காசநோயால் மறைந்தவரை, அவர் அளந்த சதுக்கமே ஏற்றுக்கொண்டது.

1905-இல் அங்கு எழுப்பப்பெற்ற நினைவுத்தூணின் உச்சியில் வாள் இல்லை. நில அளவைக் கருவியே வீற்றிருக்கிறது. போர்க்களம் தந்த புகழினும், மக்கள் கூடுதற்கென அவர் ஒதுக்கிவைத்த வெளியே அவர் பெயரைக் காத்து நிற்கிறது.