ஒரு பல்கலைக்கழகத்தை எண்ணிப் பார்த்தவர்: யார் இந்த மைக்கேல் சாட்லர்?

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தவர்களிடம் 'சாட்லர் குழு' என்று சொன்னால் போதும், '1917' என்று சட்டென பதில் வரும். ஒரு மார்க் கேள்வி, அதோடு சரி. ஆனால் அந்தக் குழுவின் தலைவர் வாழ்நாளெல்லாம் ஒரே விஷயத்துக்காக மல்லுக்கட்டியவர்: கல்வியில் முடிவெடுப்பதற்கு முன்னால் விசாரியுங்கள், கணக்கெடுங்கள்.

இன்று பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள், பணம் எங்கே போகிறது என்று ஆராய்ந்து நிர்வாகத்துக்குச் சொல்வதுதான் அதன் வேலை. சாட்லர் காலத்தில் அப்படி ஒரு வேலை பரவலாக இருக்கவில்லை.

அமைச்சகத்தோடு மோதல்

1861-ல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பிறந்தவர் மைக்கேல் சாட்லர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1885 முதல், கல்லூரிக்குப் போக வாய்ப்பில்லாதவர்களுக்காக ஊர் ஊராக ஆக்ஸ்ஃபோர்டு நடத்திய சொற்பொழிவுத் திட்டத்தைக் கவனித்தார். 1895-ல் கல்வித் துறையில் ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கி அதற்கு அவரை இயக்குநராக்கினார்கள். ஜெர்மனியில் பள்ளி எப்படி நடக்கிறது, அமெரிக்காவில் எப்படி என்று தொகுதி தொகுதியாக அறிக்கைகள் வந்தன. அதே சமயம், வெளிநாட்டில் நன்றாக இருக்கிறது என்பதற்காக அப்படியே பிடுங்கி இங்கே நட முடியாது என்றும் எச்சரித்தார்.

சிக்கல் உள்ளுக்குள்ளேயே வந்தது. அவரிடம் உதவியாளராக இருந்த ராபர்ட் மோரன்ட், துறையின் தலைமைச் செயலாளராகி அவருக்கே மேலதிகாரி ஆனார். ஆய்வுப் பிரிவு துறைக்கு உடனடியாகத் தேவையானதைச் செய்தால் போதுமா, சுதந்திரமாக ஆராய வேண்டுமா என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கேட்ட ஆட்களும் கிடைக்கவில்லை. 1903-ல் சாட்லர் ராஜினாமா செய்தார்.

பிறகு மான்செஸ்டரில் பேராசிரியர். 1911 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அங்கே ஒரு கறையும் உண்டு. 1913-ல் லீட்ஸ் மாநகராட்சித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய வேலையைச் செய்ய மாணவர்கள் போவதை அவர் ஊக்குவித்தார். எதையும் நிதானமாக விசாரிக்கிற மனிதர், அதில் மட்டும் ரொம்ப அவசரப்பட்டுவிட்டார்.

கல்கத்தாவில் கிடைத்த கணக்கு

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராயும் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியது பிரிட்டிஷ் இந்திய அரசு. அசுதோஷ் முகர்ஜி, ஜியாவுதீன் அகமது, பிலிப் ஹார்டாக், ராம்சே முயர் உள்ளிட்டோர் உறுப்பினர்கள். நாக் குழு வருகிறது என்றதும் கல்லூரிகள் இரவோடு இரவாக ஃபைல் தயாரிக்குமே, அந்த மாதிரி வேலை அல்ல இது. விரிவான கேள்விப் பட்டியலை அனுப்பி ஆசிரியர்கள், நீதிபதிகள், பத்திரிகையாளர்கள் என்று பலரிடம் எழுத்தில் பதில் வாங்கினார்கள். கல்லூரிகளுக்கு நேரில் போனார்கள். மாணவர்கள் தங்கும் மெஸ்கள் எப்படி இருக்கின்றன என்பது வரை பார்த்தார்கள். 1919-ல் வந்த அறிக்கை மொத்தம் 13 தொகுதிகள். அதில் முதல் ஐந்துதான் அறிக்கை. மீதியெல்லாம் சாட்சியங்களும் இணைப்புகளும்.

அதில் ஒரு கணக்கு அதிர வைத்தது. வங்காளத்தின் மக்கள்தொகை சுமார் 4.5 கோடி, பிரிட்டனிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பட்டத்துக்குப் படிப்பவர்கள் இரண்டு இடத்திலும் சுமார் 26,000 பேர். பார்த்தால் சமம்தான். ஆனால் வங்காளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் மட்டுமே. அப்படியானால், படித்த வர்க்கத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களின் விகிதம் பிரிட்டனைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு! கீழே பள்ளிக்கூடம் பலவீனம். மேலே ஒரே வாசலில் கூட்டம். கிளார்க் வேலைக்கும் பட்டமே வழி என்றால் வேறு எங்கே போவார்கள்?

இந்த உண்மையிலிருந்துதான் பரிந்துரைகள் பிறந்தன. மெட்ரிகுலேஷன் முடித்ததும் நேரே பல்கலைக்கழகம் வேண்டாம், இன்டர்மீடியட் வகுப்புகளைத் தனியாகப் பிரித்து ஒரு வாரியத்திடம் கொடுங்கள். அதன் பிறகு மூன்று ஆண்டு பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோது நடந்ததும் கிட்டத்தட்ட இந்தப் பிரிவினைதான். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம், கணிதம் தவிர மற்ற பாடங்களுக்குத் தாய்மொழி.

நிர்வாகத்திலும் கை வைத்தார்கள். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே முகர்ஜி எட்டு ஆண்டுகள் துணைவேந்தராகவும் இருந்திருக்கிறார். துணைவேந்தர் பதவி சம்பளத்துடன் கூடிய முழுநேர வேலையாக வேண்டும் என்றது, அவரே உறுப்பினராக இருந்த குழு! பாட விஷயங்களை முடிவுசெய்யத் தனிக் கல்விக் குழு, பேராசிரியர் தேர்வுக்கு வெளி நிபுணர்கள் இருக்கும் தேர்வுக் குழு என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆராய்ந்தது ஓரிடம், மாறியது வேறிடம்

டாக்காவில் 1921-ல் புதிய பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. குழுவில் இருந்த ஹார்டாக்தான் முதல் துணைவேந்தர். ஐக்கிய மாகாணத்தில் அதே ஆண்டு இன்டர்மீடியட் வாரியம் வந்தது. கல்கத்தாவில் மட்டும் பெரிதாக எதுவும் நகரவில்லை. அரசிடம் பணம் இல்லை. 1921-ல் பொறுப்பு வங்காள மாகாண அரசின் கைக்குப் போனது. பல்கலைக்கழகத்தில் யார் கை ஓங்குவது என்று ஆளுநர் லிட்டனுக்கும் முகர்ஜிக்கும் மோதல் முற்றியது. நிபந்தனையோடு வந்த துணைவேந்தர் பதவியை 1923-ல் முகர்ஜி மறுத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். 13 தொகுதி ஆதாரம் மேஜையில் இருந்தும், கஜானாவும் அதிகாரப் போட்டியும்தான் முடிவைத் தீர்மானித்தன.

சாட்லர் 1923-ல் ஆக்ஸ்ஃபோர்டின் யுனிவர்சிட்டி கல்லூரிக்குத் தலைவராகப் போனார். காண்டின்ஸ்கி ஓவியங்களை பிரிட்டனில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத காலத்திலேயே வாங்கிச் சேர்த்தவர் என்பதால், இன்று அங்கே கலை ரசிகர்கள் மத்தியில்தான் அவர் பெயர் அதிகம் அடிபடுகிறது. 1943-ல் இறந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தைப் புதிதாக அமைக்கும் சட்டம் வந்தது 1951-ல்.