டம்பரின் டு கார்னெட்... லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையை மாத்தின அந்த ஒரு பேண்டு!

புது ஸ்கூல்ல முதல் நாள். லஞ்ச் பாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு, எந்த பெஞ்சுல போய் உட்காருறதுன்னு தெரியாம நின்னிருக்கீங்களா? அந்தச் சில நிமிஷமே நமக்கு அவ்வளவு கனமா இருக்கும். 11 வயசுல, சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்குள்ள அப்படி நின்ன ஒரு பையன்தான், பின்னாளில் உலகமே கொண்டாடிய ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்!

1901-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். அவர் ஏரியாவின் பட்டப்பெயரே 'போர்க்களம்'. எப்போதும் அடிதடி, வறுமை. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, சில வருஷம் பாட்டிதான் வளர்த்தார். கர்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியில் வேலை பார்த்தார் லூயி. அந்தக் குடும்பம் தங்களோடு உட்காரவைத்துச் சாப்பாடும் போட்டது.

1912, டிசம்பர் 31. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டார். போலீஸ் பிடித்து, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பியது. அங்கே ராணுவ முகாம் மாதிரி கட்டுப்பாடு. வீட்டு ஏக்கத்தில் முதல் சில நாள் லூயி சாப்பிடவே இல்லை.

அந்த இல்லத்தில் ஒரு பேண்டு இருந்தது. அதன் மாஸ்டர் பீட்டர் டேவிஸுக்கு ஆரம்பத்தில் லூயியைப் பிடிக்கவில்லை. 'போர்க்களம்' ஏரியா பையன்னா எப்படி இருப்பான்னு ஒரு முன்முடிவு. நாமளா இருந்தா முறைச்சுக்கிட்டுப் போயிருப்போம், இல்லையா? லூயி பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக டேவிஸின் மனசு மாறியது.

முதலில் கையில் கிடைத்தது டம்பரின். அடுத்து டிரம். அப்புறம் எல்லோரையும் எழுப்பவும் சாப்பிடக் கூப்பிடவும் ஊதுகிற பியூகிள். கடைசியாக, டிரம்பெட் மாதிரியே இருக்கும் கார்னெட். ஒருகட்டத்தில் அந்த பேண்டுக்கே லீடர்! ஒருநாள் பேண்டு ஊர்வலம் லூயியின் தெருவுக்கே போனது. சந்தோஷத்தில் அக்கம்பக்கத்தினர் காசை அள்ளிப் போட்டார்கள். கெட்ட பேரோடு போன பையன், பெருமையோடு திரும்பி வந்த நாள் அது.

1914-ல் வெளியே வந்த பிறகும் வாழ்க்கை ஈஸியாகிவிடவில்லை. பகலில் நிலக்கரி வண்டி, இரவில் மதுக்கூடங்களில் வாசிப்பு. அந்த டீன் ஏஜில் கைகொடுத்தவர் பிரபல கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர். அவர் வீட்டுக்குக் கடைகண்ணி வேலைகள் செய்து கொடுப்பார் லூயி. பதிலுக்குச் சாப்பாடும் பாடமும் கிடைக்கும். 1922-ல் அதே ஆலிவர்தான் அவரை சிகாகோவுக்குக் கூப்பிட்டுத் தன் பேண்டில் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு நடந்தது ஜாஸ் இசையின் வரலாறு. 1964-ல், 62 வயதில், பீட்டில்ஸையே கீழே இறக்கி அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தார். 1971-ல் மறைந்தார்.

'கஷ்டப்பட்டாத்தான் பெரிய ஆளாகலாம்'னு சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க. அதே இல்லத்தில் அதே கஷ்டத்தைப் பார்த்த பசங்க எத்தனையோ பேர். லூயியை வளர்த்தது, அந்தக் கஷ்டத்துக்கு நடுவுல அவருக்குக் கிடைச்ச இடம். ஒரு சாப்பாட்டு மேஜை, ஒரு பேண்டு, ஒரு குரு. கூடவே, கோபத்தை அடக்கிக் காத்திருந்த அவரோட பொறுமை.

உங்க டம்பரின் இப்போ சின்னதா தெரியலாம். கீழே வச்சுடாதீங்க. உங்க கிளாஸ்ல யாராவது தனியா நின்னா, பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ப்ளீஸ்!