கப்பல் வந்தது, கம்பனி நிலைக்கவில்லை: வ.உ.சி.யின் வாழ்க்கையில் நாம் வாசிக்காத பக்கம்

வ.உ.சிதம்பரம்பிள்ளையை எங்களில் பலர் அறிந்தது படத்தின் மூலம்தான். 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்த்தவர்களுக்குச் சிறையில் அவர் செக்கிழுக்கும் காட்சி மறக்காது. ஆனால் அந்தக் கப்பலை ஓட்டிய கம்பனி யாருடைய காசில் எழும்பியது, யார் அதை நிர்வகித்தார்கள், சில ஆண்டுகளிலேயே ஏன் மூடப்பட்டது என்று நாம் பெரிதாகக் கேட்பதில்லை. வெளிநாட்டுக் காசை நம்பித் தொழில் தொடங்குகிற, வெளிநாட்டுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிற இன்றைய வன்னிக்கு அந்தக் கேள்விதான் அதிகம் தேவைப்படுகிறது.

1872 செப்டெம்பர் 5ஆம் திகதி தூத்துக்குடிக்கு அருகே உள்ள ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீலானார். 1900 அளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கிருந்து கொழும்புக்கான கடல்வழி முழுவதும் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பனியின் கையில் இருந்தது. கட்டணமும் ஏற்றுக்கூலியும் அவர்கள் சொன்னதுதான். தமிழ் வியாபாரிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

முதலில் பம்பாயில் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வெள்ளையர் கம்பனி கப்பல் சொந்தக்காரரை நெருக்க, அவர் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார். வ.உ.சி. கொழும்புக்கு வந்து இன்னொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சேவை நிற்காமல் பார்த்துக்கொண்டார். இரவல் கப்பலில் தொழில் செய்தால் கயிறு எப்போதும் மற்றவன் கையில்தான் இருக்கும் என்பது அப்போது தெளிவாகியது.

1906 ஒக்டோபர் 16ஆம் திகதி சுதேசி நீராவிக் கப்பல் கம்பனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. ஒரு பங்கு 25 ரூபாவாக 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர் உட்பட ஆசிய நாட்டவர் எவரும் பங்கு வாங்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 இலட்சம் ரூபாவுக்கு 8,000 பங்குகள் வாங்கினார். வ.உ.சி.க்குக் கிடைத்தது உதவிச் செயலாளர் பதவி. ஆனால் பங்கு விற்க ஊர் ஊராக அலைந்ததும், கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று பம்பாய்க்குப் போனதும் அவர்தான்.

1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியா சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பயணிகளையும், அவர்களோடு 4,000 மூட்டைகளையும் ஏற்றக்கூடியது. போட்டி தொடங்கியது. வெள்ளையர் கம்பனி கட்டணத்தை 1 ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி 8 அணா என்றது. உடனே அவர்கள் இலவசமாக ஏற்றுவதாக அறிவித்து, கூடவே ஒரு குடையும் கொடுத்தார்கள். அரசாங்க அதிகாரிகளும் அவர்களின் பக்கமே நின்றார்கள். அப்படியிருந்தும் சனம் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியது.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. நான் நிற்க விரும்புவது இதற்குப் பிறகு.

தூத்துக்குடியில் கோரல் மில் என்ற நூற்பாலை இருந்தது. ஹார்வி என்ற வெள்ளையர் குடும்பத்தின் முகாமையில் நடந்த ஆலை. உழைப்பு மலிவான இடத்தில் ஆலையைப் போட்டு, இலாபத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகும் முறை இன்று நேற்று வந்ததல்ல. நீண்ட வேலை நேரம், சொற்பக் கூலி, வார விடுமுறையும் கிடையாது. 1908 பெப்ரவரி 27இல் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஊர் சேர்ந்து சாப்பாட்டுக்கு உதவியது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

ஒரு கம்பனியின் நிர்வாகியாக இருந்துகொண்டே இன்னொரு கம்பனியின் தொழிலாளர் பக்கம் நின்றவர் அவர். அவருடைய கம்பனி இயக்குநர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய அரசியல் தங்கள் முதலுக்கு ஆபத்து என்று பயந்தார்கள். அரசியலை விடும்படி நெருக்கினார்கள். அவர் விடவில்லை.

1908 மார்ச் 12இல் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. பொலிஸ் சூட்டில் நால்வர் இறந்தார்கள். யூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் உடல் தேய்ந்தது. அவர் உள்ளே இருந்தபோதே, 1911இல், கம்பனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. எந்தக் கம்பனியை எதிர்த்து வாங்கினார்களோ, அந்தக் கம்பனியிடமே ஒரு கப்பல் போய்ச் சேர்ந்தது.

வெள்ளையர் அதை அழித்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது எங்களுக்கு வசதியானது. அழித்தது உண்மைதான். கட்டணம் வாங்காமல் ஏற்றுகிற எதிரியோடு, அரசாங்கமும் அவன் பக்கம் நிற்கும்போது, மோதுவது லேசல்ல. ஆனால் உள்ளே என்ன இருந்தது என்றும் பார்க்கவேண்டும். பெரிய பெயர்கள் மேலே, வேலை முழுவதும் ஒருவர் தலையில். அவர் போனால் அடுத்தது யார் என்ற ஏற்பாடு இல்லை. நெருக்கடி வந்ததும் மேலே இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். 25 ரூபா கொடுத்துப் பங்கு வாங்கிய சாதாரண மனிதரின் நம்பிக்கை கப்பலோடு சேர்ந்து விலைபோனது.

பூநகரிப் பிரிவில் உள்ள எங்கள் ஜெயபுரத்திலிருந்து பார்க்கும்போது இது பழங்கதையாகத் தெரியவில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய ஊர்களில் புலம்பெயர் உறவுகளின் பணத்தில் சிறுதொழில்கள் தொடங்கின. கட்டடம் எழும்பும், திறப்புவிழா நடக்கும், படங்கள் வரும். நான் போய்ப் பார்த்த ஒரு தையல் கூடத்தில் இயந்திரங்கள் உறை போட்டபடி இருக்கின்றன. காசு அனுப்பியவர்களுக்கும் கணக்கு இல்லை, வேலை செய்த பெண்களுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. தைத்த உடுப்பு தரமில்லை என்ற பேச்சு மட்டும் ஊரில் மிஞ்சியது. நல்ல துணி வாங்கினார்களா, பயிற்சி கொடுத்தார்களா, சந்தையைத் தேடினார்களா என்று ஒருவரும் நிர்வாகத்தைக் கேட்கவில்லை. பழி தைத்த கைகளின்மேல் விழுந்தது.

விடிய முன்னமே பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளோடும் கதைத்திருக்கிறேன். போரில் தகப்பனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் அவர்களில் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு. அது எட்டாதபோது ஏச்சு. அவசரத்தில் தையல் பிசகினால், உருப்படி திரும்பி வந்தால், அதற்கும் ஏச்சு. வேகத்தைக் கூட்டச் சொல்வதும் தரம் குறைந்தது என்று கண்டிப்பதும் ஒரே நிர்வாகம்தான். இலக்கைத் தீர்மானிக்கிற மேசையில் இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் இடமில்லை. கோரல் மில்லில் வ.உ.சி. கண்டதும் ஏறத்தாழ இதைத்தான்.

1912 டிசெம்பரில் அவர் விடுதலையானபோது வரவேற்க ஒரு சிலரே நின்றார்கள். வக்கீல் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் கடை நடத்திப் பார்த்தார், கடனில் வாழ்ந்தார். அக்காலத்தில் நடந்த ஒன்று புலம்பெயர்ந்தவர்கள் கட்டாயம் அறியவேண்டியது. தென்னாபிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று சேர்த்த காசு காந்தியிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அது வந்து சேரவில்லை. வறுமையில் இருந்த வ.உ.சி. கூச்சத்தை விட்டு, திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். இறுதியில் 1916இல் 347 ரூபா 12 அணா கிடைத்தது. காந்தியே ஆனாலும் பொதுக்காசுக்குக் கணக்கு உண்டு என்பதில் அவர் தயங்கவில்லை. காந்திமீதான மரியாதையும் அவருக்குக் குறையவில்லை. கணக்குக் கேட்பதைத் துரோகமாகப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பின்னர் வாலஸ் என்ற வெள்ளையர் நீதிபதி ஒருவரின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936 நவம்பர் 18ஆம் திகதி தூத்துக்குடியில் காலமானார்.

அவருக்குச் சிலைகள் இருக்கின்றன, துறைமுகத்துக்கும் அவர் பெயர்தான். ஆனால் அவரைப் பின்பற்றுவதென்றால் அதைவிடச் சின்னதும் கடினமானதுமான வேலைகள் இருக்கின்றன. பங்கு போட்டவருக்கும் வேலை செய்பவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கை விரித்துக் காட்டவேண்டும். ஒருவர் இல்லாவிட்டாலும் தொழில் நடக்க ஆட்களை உருவாக்கவேண்டும். பொருள் பழுதானால் தைத்தவளை ஏச முதல், நிர்வாகம் தன் மேசையைப் பார்க்கவேண்டும். அடுத்த முறை ஊரில் ஒரு தொழிலுக்குக் காசு சேர்க்க யாராவது வரும்போது, திறப்புவிழாத் திகதியைக் கேட்க முன் இந்த மூன்றையும் கேட்போம்.