சுனிதி சாலமனும் ஆறு ரத்த மாதிரிகளும்

குமாரபாளையத்து விசைத்தறிகளில் நெய்த லுங்கிகள் வடமாநிலங்களுக்கு லாரிகளில்தான் போகின்றன. அந்த லாரிகளோடு வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்த ஓட்டுநர்களையும் அவர்கள் மனைவியரையும் எய்ட்ஸ் அச்சம் பற்றியிருந்த ஆண்டுகளை நாமக்கல் வட்டாரம் எளிதில் மறந்துவிடாது. அந்தத் தொற்று இந்தியாவில் நுழைந்துவிட்டதை முதலில் கண்டறிந்த ஆய்வை வழிநடத்தியவர் மருத்துவர் சுனிதி சாலமன்.

சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பி, தாம் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் பேராசிரியரானார். எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்று நாடே நம்பியிருந்தபோது, பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தை ஆராயும் பொறுப்பை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்குத் தந்தார். 1986-இல் மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் ரயிலேறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சென்றடைந்தன.

அங்கு நடந்தது எலைசா சோதனை. அது வைரஸைத் தேடுவதில்லை; வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தட்டின் சிறு குழிகளில் வைரஸின் புரதத்தைப் பூசி, அதன்மேல் சீரத்தை இடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றவை கழுவலில் போய்விடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளோடு ஒட்டக்கூடிய, நொதி பிணைத்த இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். நொதி வேலைசெய்தால் நிறம் தோன்றும். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. திரும்பச் செய்தும் அதே முடிவுதான். அமெரிக்காவில் நடந்த வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் அதை உறுதிசெய்தது.

தங்கள் ரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை ஏற்காது. சுனிதியின் பிற்கால வாழ்வை அந்தக் கடனைத் தீர்த்த வாழ்வாகவே நான் பார்க்கிறேன். முடிவு தெரிந்தால் வேலையும் வீடும் பறிபோகும் என்றால் பரிசோதனைக்கு யார் வருவார்? இதை அறியப் பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. 1993-இல் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, பரிசோதனையோடு ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கச் செய்தார். ஒதுக்கப்பட்ட நோயாளிகளைத் தொட்டுப் பேசினார். தொற்றுள்ளவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துத் திருமணங்களும் நடத்திவைத்தார்.

2015 ஜூலை 28 அன்று காலமானார். பத்மஸ்ரீ விருது 2017-இல்தான், அவர் மறைவுக்குப் பின்னரே, அறிவிக்கப்பட்டது.