வினாக்களை வென்ற வித்தகி

பொது அறிவுப் போட்டி என்றாலே நமக்கெல்லாம் தனி உற்சாகம். நாடுகளின் தலைநகரங்களில் தொடங்கி, எளிதில் எவர்க்கும் தெரியாத சின்னஞ்சிறு செய்திகள் வரை கேள்விகள் வளரும். மணி அடிப்பதற்குள் விடை கூறிவிட்டால் கைதட்டல் எழும். அத்தகைய அரிய வினாக்களுள் ஒன்று இது: கணிதத்திலே 'சூனியக்காரி' என்று பெயர் பெற்ற வளைகோடு ஒன்று உண்டு, அது எந்தப் பெண்மணியின் பெயரோடு சேர்த்து வழங்கப்படுகிறது?

விடை, இத்தாலி நாட்டு மரியா கயெத்தானா ஆக்னேசி என்பதாகும். விடை சொன்னவர்க்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அவரைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் மிகச் சிறிய பகுதியே இது. அதுவும் ஒரு பிழையால் வந்த பெயர்! பிள்ளைப் பருவத்திலேயே பெரியோர் தொடுத்த கேள்விகளுக்கெல்லாம் விடை கூறிப் புகழ் பெற்று, பின்னர் அப்புகழைத் தாமே விட்டு விலகிச் சென்றவர் இவ்வம்மையார். அறிவு எதற்காக, யாருக்காக என்ற பெரிய கேள்விக்கும் தம் வாழ்வாலே விடை கூறியவர். அவர் வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

மரியா 1718ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் மிலான் நகரிலே பிறந்தார். அந்நாளில் மிலான் ஆஸ்திரிய அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் பெயர் பியெத்ரோ. பட்டு வாணிகத்தால் பெரும் செல்வம் சேர்த்த குடும்பம் அவருடையது. அவர் மூன்று முறை மணம் புரிந்தவர். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் மொத்தம் 21 பேர். அவர்களுள் மூத்தவர்தாம் நம் மரியா.

செல்வர் வீட்டுப் பெண்களுக்கும் எழுத்தும் செபமும் தையலுமே போதும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. பியெத்ரோ அவ்வாறு எண்ணவில்லை. மகளின் கூரிய அறிவைக் கண்டதும் கற்றறிந்த குருக்களை வீட்டிற்கே வரவழைத்துப் பாடம் சொல்லச் செய்தார். ஐந்து வயதிலே சிறுமி பிரெஞ்சு மொழி பேசினாள். ஒன்பதாம் வயதில், 1727ஆம் ஆண்டில், பெண்களும் உயர்கல்வி கற்கத் தக்கவரே என்று வாதிடும் நீண்டதோர் இலத்தீன் உரையை மனப்பாடமாக நிகழ்த்தினாள். அவ்வுரை அச்சும் ஏறியது. பதினொரு வயதளவில் இத்தாலியம், பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், ஸ்பானியம், ஜெர்மன் ஆகிய ஏழு மொழிகளும் அவளுக்கு வசமாயின. ஏழு நாவுடையாள் என்றே ஊரார் அழைத்தனர்.

பன்னிரண்டு வயதளவில் மரியா இனம் தெரியாத நோயால் துன்புற்றாள். அளவுக்கு மீறிய படிப்பே காரணம் என்று மருத்துவர் கருதினர். நடனமும் குதிரைச் சவாரியும் செய்யுமாறு கூறினர். 1732இல் அன்னை அன்னா மறைந்தார். தாயை இழந்த துயரும் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பும் அவ்விளம் வயதிலேயே மரியாவை வந்து சேர்ந்தன.

கேள்விகளின் நடுவே

பியெத்ரோவின் மாளிகையில் அடிக்கடி அறிஞர் அவை கூடும். பேராசிரியர், குருக்கள், பிரபுக்கள், வெளிநாட்டுப் பயணிகள் எனப் பலரும் வட்டமாக அமர்ந்திருப்பர். நடுவிலே மரியாவும் அவருடைய தங்கை மரியா தெரேசாவும் இருப்பர். தங்கை இசைக் கருவியை மீட்டித் தாம் இயற்றிய இசையை வழங்குவார். அவரும் பிற்காலத்தில் புகழ் பெற்ற இசையமைப்பாளர் ஆனவரே. அக்காளின் பங்கு என்ன? யார் எந்தக் கேள்வி கேட்டாலும் விடை கூற வேண்டும்!

1739ஆம் ஆண்டில் மிலானுக்கு வந்த ஷார்ல் தெ பிரோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அத்தகைய அவை ஒன்றில் கலந்துகொண்டு, தாம் கண்டதைக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். பல நாட்டவராக ஏறத்தாழ முப்பது பேர் அங்கே கூடியிருந்தனர். மலைச் சுனைகள் எங்கிருந்து நீர் பெறுகின்றன, சில சுனைகள் கடலைப் போல ஏறி வற்றுவது ஏன் என்று முதலில் கேட்டனர். பின்னர் உயிருக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு, ஒளி பரவும் விதம், முப்பட்டைக் கண்ணாடி காட்டும் நிறங்கள், வடிவ கணிதத்து வளைகோடுகள் என்று கேள்விகள் தாவிச் சென்றன. எல்லாவற்றிற்கும் மரியா தெளிவாக விடை பகர்ந்தார். பிறகு விருந்தினர் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலே பேச, அவரவர் மொழியிலேயே மறுமொழி தந்தார்.

இத்தகைய அவைகளில் விவாதித்த பொருள்களைத் தொகுத்து 1738ஆம் ஆண்டிலே அவர் ஒரு நூலாகவும் வெளியிட்டிருந்தார். ஏறத்தாழ 190 கருத்துரைகள் கொண்ட இலத்தீன் நூல் அது. அப்போது அவருக்கு வயது இருபது.

கேட்டவர் வியந்தனர், தந்தை பெருமிதம் கொண்டார். மரியாவின் உள்ளமோ அதில் ஒட்டவில்லை. ஒருவர் மகிழும் இடத்தில் இருபது பேர் சலிப்புறும் இத்தகைய பேச்சைப் பலர் முன் நிகழ்த்தத் தமக்கு விருப்பமில்லை என்பதை அந்தப் பிரெஞ்சு விருந்தினரிடமே அவர் தெரிவித்தார். இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடை தெரியாதவர் மேடையை அஞ்சுவது இயல்பு. எல்லா விடையும் தெரிந்தவர் மேடையை வேண்டாம் என்பது அரிது அல்லவா?

மூன்று வரங்கள்

கன்னியர் மடத்திலே சேர்ந்து ஏழைகளுக்குத் தொண்டு புரிய வேண்டும் என்பதே மரியாவின் ஆசை. அதைக் கேட்ட தந்தை கலங்கினார். மகளைப் பிரிய அவருக்கு மனமில்லை. அவரது மன்றாட்டுக்கு இணங்கி மரியா வீட்டிலேயே தங்கினார். ஆனால் மூன்று வரங்கள் கேட்டுப் பெற்றார். விரும்பும்போதெல்லாம் ஆலயம் செல்ல வேண்டும். எளிய உடையே உடுத்த வேண்டும். நடன விருந்து, நாடகம் முதலிய கேளிக்கைகளுக்குத் தம்மை அழைக்கலாகாது. இவையே அம்மூன்று. பொன்னும் பட்டும் கேட்கும் வயதிலே இவற்றைக் கேட்டார் அவர்.

தந்தைக்கு அடங்கிய மகளாகவே இருந்தார். தம் உள்ளத்தின் அழைப்பையும் விட்டுவிடவில்லை. இரண்டையும் பொறுமையோடு சேர்த்துக் காத்த ஆண்டுகள் அவை.

இளைஞர்க்கென ஒரு நூல்

அந்த ஆண்டுகளில் கணிதமே அவருக்குத் துணை. 1740 முதல் ராம்பினெல்லி என்னும் துறவியிடம் உயர்கணிதம் பயின்றார். நியூட்டனும் லைப்னிட்சும் கண்ட நுண்கணிதம் அந்நாளில் புதிய கலை. அதைப் பற்றிய செய்திகள் பல நூல்களிலும் பல மொழிகளிலும் சிதறிக் கிடந்தன. படிக்க விரும்பும் இளைஞர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்தனர்.

மரியா அவற்றையெல்லாம் திரட்டினார். எளிய இயற்கணிதத்தில் தொடங்கி, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் வரை படிப்படியாக ஏறிச் செல்லுமாறு ஒழுங்கு செய்தார். அறிஞர் மொழியான இலத்தீனில் எழுதும் ஆற்றல் இருந்தும், இத்தாலிய இளைஞர் கற்பதற்கென்றே இத்தாலிய மொழியில் எழுதினார். தம் தம்பியருக்குப் பாடம் சொல்வதற்காகவே அவர் இதைத் தொடங்கினார் என்பர். இரண்டு பாகங்களாக, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் 1748இல் வெளிவந்தது. அச்சு வேலையையும் அவரே கவனித்துக்கொண்டார்.

ஐரோப்பாவே பாராட்டியது. நூலைக் காணிக்கையாகப் பெற்ற பேரரசி மரியா தெரேசா வைர மோதிரமும் பளிங்குப் பேழையும் பரிசாக அனுப்பினார். திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் பொற்பதக்கம் வழங்கினார். அத்துடன் நில்லாது, 1750ஆம் ஆண்டிலே பொலோஞா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கும் பதவிக்கும் அவரை நியமித்தார். அதே பல்கலைக்கழகத்தில் லௌரா பாஸ்ஸி என்ற பெண்மணி 1732 முதலே பதவி பெற்றிருந்தார். பெண்களுக்குக் கல்விக் கதவு அடைத்திருந்த காலத்தில் இது எத்துணை பெரிய சிறப்பு! ஆயினும் மரியா பொலோஞா சென்று பாடம் நடத்தவே இல்லை.

'சூனியக்காரி' வந்த கதை

தொடக்கத்தில் நாம் கண்ட வினாவுக்கு இப்போது வருவோம். ஒரு வட்டம் வரைந்து, அதன் உச்சியில் தொடுகோடு ஒன்று இடுவோம். வட்டத்தின் அடிப்புள்ளியிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தால், அது வட்டத்தை ஓரிடத்திலும் தொடுகோட்டை வேறோரிடத்திலும் வெட்டும். வட்டத்தை வெட்டும் இடத்தின் உயரத்திலேயே, தொடுகோட்டை வெட்டும் இடத்திற்கு நேர் கீழாக ஒரு புள்ளி வைப்போம். நேர்கோட்டின் சாய்வை மாற்றி மாற்றி இப்படியே புள்ளிகள் வைத்து இணைத்தால், மணலைக் குவித்தாற்போன்ற அழகிய வளைகோடு கிடைக்கும். முன்னரே பலர் ஆராய்ந்திருந்த இவ்வளைகோட்டை மரியா தம் நூலில் எடுத்து விளக்கினார்.

இத்தாலியக் கணித அறிஞர் கிராந்தி இதற்கு இட்ட பெயர் 'வெர்சியேரா'. கப்பற்பாயைத் திருப்பும் கயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கோல்சன், மரியாவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்காகவே முதிய வயதில் இத்தாலியம் கற்றார். அவர் அச்சொல்லை, ஒலியில் ஒத்ததும் பேய்மகள் என்று பொருள்படுவதுமான வேறொரு சொல்லாகக் கொண்டுவிட்டார் எனக் கருதப்படுகிறது. அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1801இல் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அன்று முதல் ஆங்கில நூல்களில் 'ஆக்னேசியின் சூனியக்காரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கன்னியர் மடம் நாடிய ஒரு தூய பெண்மணியின் பெயரோடு இப்படி ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டதை என்னென்பது!

விடை கூறாத வினா

1752இல் தந்தையார் காலமானார். அன்று மரியாவுக்கு வயது முப்பத்து மூன்று, புகழின் உச்சி. ஆனால் அன்று முதல் அவர் கணித ஏடுகளை ஓரமாக வைத்தார். வேத சாஸ்திர நூல்களைக் கற்றார்; ஏழைப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்பித்தார். நோயுற்ற ஏழைப் பெண்களைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். இடம் போதாதபோது வேறு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கைப்பொருள் கரைந்தது. பேரரசி அளித்த பரிசுகளையும் விற்று இப்பணிக்குச் செலவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

1762ஆம் ஆண்டில் தூரின் நகரப் பல்கலைக்கழகத்தார் அவரிடம் கருத்துக் கேட்டு எழுதினர். பிற்காலத்தில் பெரும் கணித மேதை எனப் போற்றப்பட்ட லக்ராஞ்சு அப்போது இளைஞர். அவருடைய புதிய ஆய்வைப் பற்றி மரியாவின் மதிப்புரை வேண்டுமென்பதே அவர்கள் விருப்பம். இத்தகைய பொருள்களில் தாம் இப்போது ஈடுபடுவதில்லை என்று பணிவோடு தெரிவித்துவிட்டார் அம்மையார். எத்தனையோ கேள்விகளுக்குத் தயங்காது விடை கூறியவர் இதற்கு மட்டும் விடை கூறவில்லை. அவர் செவியில் அப்போது வேறு கேள்விகள் ஒலித்துக்கொண்டிருந்தன. இந்த நோயாளிக்கு இன்று கஞ்சி கொடுத்தாயிற்றா? அந்த மூதாட்டிக்குப் போர்வை உண்டா? இவற்றுக்கு விடை எந்த நூலிலும் இல்லை. எழுந்து சென்று பார்த்தால்தான் தெரியும்.

இறுதி நாட்கள்

1771ஆம் ஆண்டிலே, திரிவுல்சியோ பிரபு விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு மிலானில் வறிய முதியோர்க்கும் நோயாளர்க்கும் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பெண்கள் பகுதியைக் கவனிக்குமாறு நகரின் பேராயர் கர்தினால் பொட்சொபொனெல்லி மரியாவை வேண்டினார். ஐம்பத்து மூன்று வயதில் அப்பொறுப்பை ஏற்றார் அவர். 1783 முதல் அவ்வில்லத்திலேயே குடியேறி, ஏழையருள் ஏழையாக வாழ்ந்தார். மடத்து வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காமலே துறவியாக வாழ்ந்தார் என்று சொன்னால் தவறாகாது.

முதுமையில் கண்ணொளி மங்கியது, செவியும் குன்றியது. 1799ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், இறைவனடி சேர்ந்தார். இல்லத்தில் இறந்த வேறு பதினைந்து பேரோடு ஒரே பொதுக் குழியில் அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது. தனிக் கல்லறை இல்லை. ஆனால் அவர் பணியாற்றிய இல்லம் இன்றும் மிலானில் முதியோர்க்குத் தொண்டு செய்து வருகிறது. வெள்ளிக் கோளிலுள்ள பள்ளம் ஒன்றுக்கும் வானியலார் அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். இதுவும் பொது அறிவு வினாவுக்கு உகந்த செய்திதான்!

நாம் கற்பது என்ன?

தோழியரே, அரிய செய்திகளைத் தேடிச் சேர்ப்பது வீண் வேலை என்று நாம் சொல்லவில்லை. மரியாவும் சேர்த்தார். சுனை நீரையும் ஒளியின் நிறத்தையும் பற்றி இளமையில் ஆர்வத்தோடு கற்றிராவிட்டால், ஆயிரம் பக்க நூலை எழுதும் ஆற்றல் அவருக்கு வந்திராது. மகளுக்குக் கல்வி தந்த தந்தையும் நம் நன்றிக்கு உரியவரே. ஆயினும் மகளை அவையில் நிறுத்தி மகிழ்ந்த அவர், அவள் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதைக் காண நெடுநாள் ஆயிற்று. பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளை எண்ணி மகிழும் பெற்றோரும் இதைச் சிறிது சிந்திக்கலாம்.

விடை தெரிந்தவுடன் நின்றுவிட்டால் நமக்கு மிஞ்சுவது 'சூனியக்காரி' என்ற ஒரு சொல் மட்டுமே. அந்தப் பெயர் ஏன் வந்தது, அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு மாபெரும் வாழ்வே நம் முன் விரிகிறது. ஆகவே எந்த விடையோடும் நின்றுவிடாமல் அடுத்த வினாவையும் கேட்போம். கற்ற அறிவு யாருடைய கண்ணீரைத் துடைக்கும் என்பதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்த வினாவுக்கு மணி அடிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் விடை எழுதலாம்.