கல்விக் கடன் ஈந்த பெருந்தகை

பொருளை ஈட்டுவோர் உலகிற் பலர். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு வழங்குவோர் சிலர். வழங்கும் பொருள் ஒருமுறை பயன்பட்டு ஒழியாமல், மீண்டும் மீண்டும் பயன் தருமாறு வழிவகுத்து வழங்குவோர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் ஜம்ஷெட்ஜி டாட்டா. அவர் எண்ணிய இரும்பாலை அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. ஆயினும், பொருள் இல்லாத மாணவர்க்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்து வைத்த அவருடைய கல்வி நிதி, அவ்விரும்பாலையினும் முற்பட்டது. அதனினும் குறையாத சிறப்புடையது.

ஜம்ஷெட்ஜி, குஜராத்துப் பகுதியிலுள்ள நவசாரி என்னும் ஊரில் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்தது பார்சி சமயக் குருமார் குடும்பம். தந்தையார் நசர்வான்ஜி, வழிவழி வந்த குருத்தொழிலை விடுத்து வாணிகத்தில் இறங்கியவர். தாயார் ஜீவன்பாய். பதினான்காம் வயதில் ஜம்ஷெட்ஜி தந்தையார் இருந்த பம்பாய் நகருக்குச் சென்றார். அங்கு எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து பயின்று, 1858இல் தேர்ச்சி பெற்றார். நூல்களின்பால் அன்று தோன்றிய வேட்கை அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

கல்லூரியை விட்டதும் அவர் தந்தையாரின் வாணிகத்தில் துணை நின்றார். அக்காலத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்படவே, இந்தியப் பஞ்சின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாய் வணிகர் பலர் பெருஞ்செல்வர் ஆயினர். வாணிகத்தின் பொருட்டு ஜம்ஷெட்ஜி இலண்டன் நகருக்கு அனுப்பப்பட்டார். ஆனால், 1865இல் போர் முடிந்தது. பஞ்சின் விலை சரிந்தது. அவர் கையிலிருந்த பத்திரங்கள் வெறுந்தாள்கள் ஆயின. அயல்நாட்டில், உற்றார் அருகில் இல்லாத நிலையில், இளைஞராகிய அவர் கடன் கொடுத்தோர் முன் நிற்க நேர்ந்தது. அவர் எதையும் மறைத்தாரல்லர். உள்ள நிலையை உள்ளவாறே எடுத்துரைத்தார். அவருடைய வாய்மையைக் கண்ட கடன்காரர்கள், கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். நேர்மையுள்ளவனை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்னும் உண்மை, கடன்பட்டு நின்ற அந்நாளில் அவருக்கு விளங்கியிருத்தல் வேண்டும்.

இடர் கண்டு அவர் தளரவில்லை. 1868இல் இருபத்தோராயிரம் ரூபாய் முதலீட்டில் தனியே ஒரு வாணிக நிலையம் தொடங்கினார். 1877 சனவரி 1ஆம் நாள் நாகபுரியில் அவருடைய ‘எம்பிரஸ்’ நூற்பாலை இயங்கத் தொடங்கியது. பெருஞ்செல்வம் சேர்ந்தது. செல்வம் சேரச் சேர, அதனால் நாட்டுக்கு ஆகும் பயன் யாது என்னும் சிந்தனையும் அவர் உள்ளத்தில் வளர்ந்தது.

அந்நாளில் இந்திய இளைஞர் உயர்கல்வி பெறுதல் எளிதாக இருக்கவில்லை. பொறியியல், மருத்துவம், அறிவியல் ஆகியவற்றை ஆழ்ந்து கற்க விரும்பியோர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. நாட்டின் ஆட்சிப் பொறுப்புகளுக்கு வழியாக அமைந்த இந்திய சிவில் சர்வீஸ் தேர்வோ, 1922 வரை இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. கப்பற் கட்டணம், கல்லூரிக் கட்டணம், உண்டியும் உறையுளும் ஆகிய அனைத்துக்கும் வேண்டும் பொருளைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே பெற்றிருந்தனர். அறிவிருந்தும் பொருளில்லாதவர்கள் ஊரிலேயே தங்கினர். அவர்களால் நாடு பெற்றிருக்கக்கூடிய நன்மைகளும் அவர்களோடு தங்கிவிட்டன.

இக்குறையை நீக்கக் கருதி, 1892இல் ஜம்ஷெட்ஜி உயர்கல்விக்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார். அதனை நன்கொடையாக வழங்காமல் கடனாக வழங்குமாறு அமைத்ததே அதன் தனிச்சிறப்பு. தகுதியுடைய மாணவர் விண்ணப்பித்தல் வேண்டும். அவருடைய தகுதி ஆராயப்படும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் நிதியிலிருந்து பொருள் பெற்று அயல்நாடு சென்று பயில்வார். பயின்று பொருளீட்டத் தொடங்கியபின், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துவார். அத்தொகை அடுத்து வரும் மாணவர்க்குப் பயன்படும். ஆற்றில் ஓடிய நீர் கடல் சேர்ந்து, முகிலாகி, மீண்டும் மழையாய்ப் பொழிவது போன்றது இம்முறை.

செல்வர் ஒருவர் ஏழை மாணவனிடம் கடனைத் திருப்பிக் கேட்பது முறையோ என்று சிலர் ஐயுறலாம். ஆழ்ந்து நோக்கின் அதன் நன்மை விளங்கும். இரந்து பெறுபவன் தலை தாழ்கிறது. கடன் பெற்றுத் தீர்ப்பவன் தலை நிமிர்கிறது. அன்றியும், ஒரு மாணவன் திருப்பித் தரும் பொருள் முகமறியாத மற்றொரு மாணவனுக்கு வழித்துணையாகிறது. நேற்றுக் கைநீட்டி வாங்கியவனே இன்று கொடுப்பவனாகிறான். உதவி பெற்றவனையும் உதவுபவனாக உயர்த்தியதே ஜம்ஷெட்ஜி கண்ட அறத்தின் நுட்பமாகும்.

இந்நிதியின் உதவியை முதன்முதலிற் பெற்ற இருவரும் பெண்மணிகள். பிரேனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்னும் அவ்விருவரும் மருத்துவத் துறையினர். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில், அவர்கள் கடல் கடந்து மருத்துவம் பயில இந்நிதி வழி செய்தது. தொடக்கத்தில் பார்சி மாணவர்க்கென அமைந்த இந்நிதி, விரைவிலேயே எல்லாச் சமூகத்தார்க்கும் உரியதாக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டளவில், இந்திய சிவில் சர்வீசில் சேர்ந்த இந்தியர் ஐவருள் இருவர் இந்நிதியால் பயின்றவர்களாயிருந்தனர்.

எனினும், அயல்நாடு செல்லக் கூடியவர் எத்தனை பேர்? நாட்டிலேயே உயர்ந்த அறிவியற் கல்வி கிடைத்தல் வேண்டும் என்று ஜம்ஷெட்ஜி எண்ணினார். ஆராய்ச்சிக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைக்க, 1898இல் முப்பது இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை அளிக்க முன்வந்தார். அஃது அவருடைய செல்வத்தில் ஏறக்குறையப் பாதியாகும். ஆயினும், அரசு உடனே இசையவில்லை. அங்குப் பயில மாணவர் வருவாரோ, பயின்றவர்க்கு வேலை கிடைக்குமோ என்னும் ஐயங்கள் எழுப்பப்பட்டன. ஆண்டுகள் கழிந்தன. முடிவு காணாமலே, 1904 மே 19ஆம் நாள் ஜம்ஷெட்ஜி ஜெர்மனி நாட்டில் உயிர் துறந்தார்.

தந்தையின் வாக்கை மைந்தர்கள் தோராப்ஜியும் இரத்தன்ஜியும் காத்தனர். மைசூர் அரசு நிலமும் பொருளும் வழங்கிற்று. 1909இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் நிறுவப்பட்டது. 1911இல் மாணவர்கள் சேர்ந்தனர். நட்டவர் மறைந்த பின்னரே மரம் கனி தந்தது.

கல்வி நிதியோ அவர் காலத்துக்குப் பின்னும் ஓயாது பயன் தந்தது. கேரளத்தில் உழவூர் என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்தில் ஒரு சிறுவன் வாழ்ந்தான். அவன் வயல்வெளிகளின் வழியே நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குச் செல்வான். கட்டணம் செலுத்த இயலாத நாள்களில் வகுப்பின் வெளியே நின்று பாடம் கேட்பான். வளர்ந்து பட்டம் பெற்ற அவர், டாட்டா கல்வி உதவி பெற்று 1945இல் இலண்டன் சென்று பொருளியல் பயின்றார். அவரே, 1997இல் இந்தியக் குடியரசின் தலைவரான கே. ஆர். நாராயணன். அணுவியல் அறிஞர் இராஜா இராமண்ணாவும், வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரும் இந்நிதியின் துணை கொண்டு அயல்நாட்டிற் பயின்றவர்களே.

பொருளின்மை கல்விக்குத் தடையாதல் கூடாது என்பது ஜம்ஷெட்ஜியின் வாழ்வு காட்டும் நெறியாகும். வறிய மாணவர்கள் உதவி பெறும் வழிகளை நாடி அறிந்து, நாணாது விண்ணப்பித்துப் பயில்தல் வேண்டும். பயின்று உயர்ந்தபின், தமக்குப் பின்னே வாயிலில் காத்து நிற்பவரை மறவாதிருத்தல் வேண்டும். பெற்ற உதவியைத் தமக்குப் பின் வருவோர்க்கு வழங்குதலே கல்விக் கடனைத் தீர்க்கும் முறையாகும்.