கடலூரில் மறைந்த கணக்கு வாத்தியார்

நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன். சொந்த ஊர் ஆலத்தியூர். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருஷம் கணக்கில் அரியர் விழுந்ததும், லேத் ஓட்டுறவனுக்குக் கணக்கு எதுக்கு, கை பழகினால் போதாதா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டேன். என்னைத் திரும்பக் கூட்டி வந்தவர், 270 வருஷத்துக்கு முன்பே இறந்துபோன ஒரு வெள்ளைக்காரர். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

அந்த மாசி மகத்துக்கு அம்மாவோடு கடலூர் தேவனாம்பட்டினம் போயிருந்தேன். அங்கே புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்தேன். பிறகு அரியலூர் நூலகத்தில் அந்தக் கோட்டையைப் பற்றித் தேடியபோதுதான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனுக்கு வந்து கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1727-லேயே, சுமார் இருபது வயதில், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1742-ல் பீரங்கிக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை வைத்தே குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வேகமாகப் போகும் குண்டைக் காற்று அதன் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேலான விசையோடு தடுக்கிறது என்று காட்டினார். 1746-ல் காப்ளி பதக்கம் கிடைத்தது.

நம்ம துறைக்கு வேண்டிய கதை இனிமேல்தான். துப்பாக்கிக் குழாயின் உள்ளே மரை மாதிரி புரி வெட்டினால் குண்டு நேராகப் போகும் என்பது பட்டறைக்காரர்களுக்கு 1500-களிலேயே தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. ராபின்ஸ் ஒரு குழாயின் முனையில் மூன்று நான்கு அங்குலத்தை இடப்பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பியது! குழாயின் வலப்பக்கச் சுவரில் உரசி அது சுழன்றதுதான் காரணம். சாதாரணக் குழாயில் இந்தச் சுழற்சி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக ஏற்படுகிறது, அதனால்தான் குறி தவறுகிறது. புரி வெட்டிய குழாயில் குண்டு போகும் திசையே சுழற்சியின் அச்சு, ஆகவே தவறாது. இதை 1747-ல் ராயல் சொசைட்டியில் விளக்கினார். படைகள் புரித் துப்பாக்கிக்குப் பரவலாக மாற இன்னும் நூறு வருஷம் ஆனது.

எவ்வளவு சுழற்ற வேண்டும்? பம்பரம் விட்ட நமக்கு இது புரியும். குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும், நெட்டைப் பம்பரத்துக்கு வேகம் வேண்டும். அதுபோல ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும். நீண்ட குண்டின் மூக்கைக் காற்று கவிழ்க்கப் பார்க்கும். அதற்குப் புரியின் பிட்ச் குறைய வேண்டும். 1879-ல் கிரீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் இதைச் சூத்திரமாக்கினார். விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். விட்டம் 0.308 அங்குலம், நீளம் 1.2 அங்குலம் என்றால், சுமார் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும். அதிகமாகச் சுழற்றினாலும் ஆபத்துதான். குண்டின் வார்ப்பில் உள்ள சிறு கோணலும் பெரிதாகத் தெரியும். நம் பக்கத்தில் 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் ரைபிள்களுக்கும் இதே விதிதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக்கி, சென்னை, கடலூர் கோட்டைகளைப் பலப்படுத்த அனுப்பியது. 1750-ல் வந்தார். நம்மை ஆளப்போகிறவர்களுக்காகத்தான் வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29-ல் கடலூர்க் கோட்டையிலேயே 44 வயதில் இறந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த பேனா கையில் இருந்தபடியே உயிர் பிரிந்தது என்பார்கள். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒரு வீட்டுக்கு மூலை பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றில் ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி குறித்தார். குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. ஏன் அப்பா என்று கேட்டேன். எப்பவும் அப்படித்தான் வரும் என்றார். முப்பது வருஷமாக அவர் கைக்குத் தெரிந்ததற்குக் காரணம், நான் விட்டுவிட்டு வந்த புத்தகத்தில் இருந்தது. தரையில் கோடு போட்டு அவருக்கு விளக்கினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன்.

அரியர் எழுதி 46 மார்க் வாங்கினேன். நண்பர்களே, கணக்கு வராது என்று பெட்டி கட்ட நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால், கட்டுவதற்கு முன் ஒருமுறை என் அறைக்கு வாருங்கள்.